பின்கண்ணாடிக்கு ஒரு செடி

மீன்தொட்டியின் பின்கண்ணாடிக்குக் கறுப்புக் கடுதாசி ஒட்டலாம் என்று சொன்னது என் மகள் ஜொய்சி. அவளிடம் எல்லாவற்றுக்கும் ஒரு விடை கைவசம் இருக்கும். கர்க்லாண்டில் இருக்கிற அவளுடைய வீட்டில் ஜன்னல் திரைகூட ஒரு பொத்தானை அமத்தினால் தானாக இறங்கும். நாங்கள் சென்ட் லோரன்டில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருந்தோம். அங்கே எதை ஏற்றுவதென்றாலும் இறக்குவதென்றாலும் நான்தான்.

என் கணவர் அருமைராசாவுக்குத் தலைக்குள் கட்டி என்று கோடை தொடங்கும்போது சொன்னார்கள். அதன்பிறகு எங்கள் வீட்டில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் வெயில் கண்ணுக்குள் குத்துகிறது என்றார். பிறகு ஹோல் விளக்குக் குத்துகிறது என்றார். கடைசியில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் எரிகிற சின்ன வெளிச்சத்துக்கும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். ஜன்னலுக்குத் தடித்த துணியில் திரை தைத்துப் போட்டேன். விளக்குகளை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். மிஞ்சியது தொட்டி விளக்கு ஒன்றுதான்.

அந்தத் தொட்டியோடு எனக்குப் பழைய கோபம் உண்டு. இவர் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றும் லொறி ஓட்டியவர். வேலையால் வந்தால் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னமே தொட்டிக்கு முன்னால் போய் நிற்பார். ஏஞ்சல் மீன் இரண்டு வைத்திருந்தார். அவற்றைப் பார்த்த அளவுக்கு என்னைப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். நான் இதைச் சொல்லிக் காட்டும்போதெல்லாம், "மீன் வாய் திறந்தால் ஏச்சு வராது, அதுதான்" என்று சிரிப்பார். தொட்டியின் பின்பக்கம் முழுவதும் சிவப்பும் பச்சையுமாகச் செடி வளர்த்திருந்தார். ஒடித்து மணலுக்குள் குத்திவிட்டால் முளைக்கிற சாதி அது. ஆனால் அதற்குக் கொளுத்துகிற வெளிச்சம் வேண்டும். அதற்காகவே ஒரு பெரிய விளக்கை வாங்கிப் பூட்டியிருந்தார்.

நோயாளிக் கட்டில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்து தந்தார்கள். அதை எங்கே போடுவது என்று கேட்டபோது இவர் யோசிக்கவே இல்லை, தொட்டிக்கு நேரே என்றார். விளக்கின் திருகியைக் கடைசி மட்டும் குறைத்தேன். அதுவும் குத்துகிறது என்றதால் ஒரு துவாயை நாலாக மடித்து அதன்மேல் பாதிக்குப் போட்டேன். இவருடைய கண்ணுக்கு அது போதுமாக இருந்தது, செடிகளுக்குப் போதவில்லை. இலையெல்லாம் கறுத்து, தண்டு கரைந்து, மிதக்கத் தொடங்கின. ஒவ்வொரு நாளும் வடியால் அள்ளிக் குப்பையில் கொட்டினேன். இலையுதிர்காலம் பாதியாவதற்குள் பின்கண்ணாடி வெறுமையாகிவிட்டது.

ஒருநாள் காலை நான் வேலைக்கு வெளிக்கிடும்போது இவர் கூப்பிட்டார்.

"கிறேஸ், உதுக்குள்ள ஒரு ஆள் படுத்திருக்கிறான்."

"எதுக்குள்ள?"

"தொட்டிக்குள்ள. மொட்டையன்."

கட்டி மூளையைக் குழப்பத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவருடைய தலையணை உயரத்துக்குக் குனிந்து பார்த்தபோதுதான் விளங்கியது. மங்கல் வெளிச்சத்தில் பின்கண்ணாடி முகம் பார்க்கிற கண்ணாடிபோல் ஆகியிருந்தது. வெள்ளைத் துப்பட்டி, கட்டில், மயிர் இல்லாத அவருடைய தலை எல்லாம் அதற்குள் அப்படியே தெரிந்தன. ஏஞ்சல் மீன்கள் இரண்டும் அவருடைய நெஞ்சுக்கு மேலால் நீந்திப் போயின. நான் எழும்பிவிட்டேன். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அவரோ நாள் முழுவதும் அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

ஜொய்சி சொன்ன கறுப்புக் கடுதாசியை ஒட்டினேன். ஒட்டியதும் கண்ணாடி இன்னும் நல்ல கண்ணாடியாகிவிட்டது. கடுதாசியைக் கிழித்துவிட்டுப் பூப்போட்ட துணி ஒன்றைத் தொங்கவிட்டேன். ஆஸ்பத்திரித் திரைபோல் இருக்கிறது என்றார். கட்டிலைத் திருப்பிப் போடுவோமா என்று கேட்டேன்.

"மீனைப் பாக்கத்தான் ஆசை" என்றார். "என்னை நான் பாக்க வேண்டாம்."

ஆகவே எனக்கு ஒரு செடி வேண்டியிருந்தது. உயரமாக நிற்க வேண்டும், பின்பக்கத்தை மூட வேண்டும், இருட்டில் உயிர் வாழ வேண்டும். தொட்டியில் எனக்கு அதுவரை தெரிந்ததெல்லாம் கண்ணாடியைத் துடைப்பதும் அடியில் கிடக்கிற வெள்ளை மணலைக் கழுவுவதும் மட்டும்தான்.

கோட் வெர்ட்டு மெட்றோவுக்குக் கிட்ட ஒரு மீன்கடை இருக்கிறது. அங்கே நிற்கிற பிள்ளை தலைமயிருக்குப் பச்சைச் சாயம் பூசியிருந்தாள். செடி விற்பதற்கு ஏற்ற தலைதான் என்று நினைத்துக்கொண்டேன். என்னுடையது தொழிற்சாலைப் பிரெஞ்சு. மருந்துப் பெட்டி அடைக்கிற இடத்தில் பழகியது. பெட்டி, ஒட்டு, கெதியாக, நிறுத்து என்பவைதான் நன்றாக வரும். அதை வைத்துக்கொண்டு ஒரு நோயாளியின் கண்ணையும் ஒரு செடியின் தேவையையும் விளங்கப்படுத்த நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. முதல்முறை நாடா நாடாவாக வளர்கிற ஒரு செடியைத் தந்தாள். உயரம் நல்லதுதான். ஆனால் எங்கள் வீட்டு இருட்டில் அது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

இரண்டாம்முறை போனபோது தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனேன். மங்கின தொட்டி, துவாய் மூடிய விளக்கு, பின்கண்ணாடிக்குள் இவர். அந்தப் பிள்ளை படத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, ஆறுதலாகச் சொல்லுங்கள், அவசரமில்லை என்றாள். அவளுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் அன்றைக்கு எல்லாவற்றையும் அவளிடம் கொட்டியிருப்பேன்.

இருட்டுக்கு ஏற்றவை என்று மூன்றைக் காட்டினாள். ஒன்று அனுபியாஸ். தடித்த இலை, சாகாத சாதி, ஆனால் குட்டை. வளர்ந்து பின்கண்ணாடியை மூடுவதற்குள் எனக்கே கிழடு தட்டிவிடும். இரண்டாவது கிறிப்டோகொரின். அது இலங்கைச் செடி என்று சொல்லி, நான் சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தாள். நான் மன்னார்க்காரி. எங்கள் பக்கம் தண்ணீருக்கே பஞ்சம், தண்ணீர்ச் செடிக்கு எங்கே போவது? இடம் மாற்றி நட்டால் அதன் இலையெல்லாம் கரைந்துபோகும், பொறுத்திருந்தால் வேரிலிருந்து திரும்ப வரும் என்றாள். பொறுத்திருக்க எங்களுக்கு நாள் இருக்கவில்லை.

மூன்றாவது ஜாவா ஃபேர்ன். நீட்டு நீட்டாக, கரும்பச்சையாக, அவ்வளவு வடிவென்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று செடியைச் சேர்த்து ஒரு மரக்கட்டையில் கட்டி உயர்த்தி வைத்தால் பின்பக்கம் மூடிவிடும், விளக்கே இல்லாவிட்டாலும் கோபிக்காது என்றாள். ஒன்றை மட்டும் கையை ஆட்டி ஆட்டித் திரும்பத் திரும்பச் சொன்னாள். இதை மண்ணில் புதைக்கக்கூடாது. வேர் பிடித்திருக்கிற தடித்த தண்டு வெளியே தண்ணீரில் நிற்க வேண்டும். மூடினால் அழுகும். வெளிக்கிடும்போது, பழைய இலை மண்ணிறமானாலும் வெட்டி எறிய வேண்டாம், அதன் முதுகில் குட்டிச்செடி வரும் என்றும் சொன்னாள். அதை நான் அரைக் காதால்தான் கேட்டேன்.

வீட்டில் அவற்றைக் கட்டையில் வைத்துக் கறுப்பு நூலால் சுற்றிக் கட்டினேன். இவர் கட்டிலில் இருந்தபடி மேற்பார்வை.

"வேர் வெளியில தொங்குதே, கிறேஸ்."

"அது அப்பிடித்தானாம். மண்ணுக்குள்ள தாட்டால் அழுகிப்போகுமாம்."

"ஆர் சொன்னது?"

"கடைக்காரப் பெட்டை."

"அவள் நெல்லு விதைச்சவளே? வேரெண்டால் மண்ணுக்குள்ள போகவேணும். நாத்தைக் கட்டையில கட்டித் தொங்கவிட்டால் பிழைக்குமே?"

"இது உங்கட நானாட்டான் வயலில்லை. மீன்தொட்டி."

"எல்லாம் சேறுதான்" என்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நோய் வந்தும் விட்டுக்கொடுக்கிற குணம் மட்டும் வரவில்லை.

கட்டையைப் பின்பக்கம் நிமிர்த்தி வைத்துவிட்டு அவருடைய உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். இலைகளுக்குப் பின்னால் கட்டில் தெரியவில்லை. மொட்டைத் தலையும் தெரியவில்லை. மீன் இரண்டும் இலைகளுக்குள் புகுந்து புகுந்து வந்தன. இவர் அன்று பின்னேரம் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பாட்டுக்கு எழுப்பியபோது, "அந்த மொட்டையன் போயிட்டான்" என்றார்.

இனி நான் சொல்லப்போவது பைத்தியக்காரத்தனம். தெரிந்துதான் சொல்கிறேன்.

எங்கள் ஆட்களில் மடு மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலடி மண்ணில் ஒரு பிடி கொண்டு வராமல் திரும்ப மாட்டார்கள். பாம்புக்கடிக்கு, காய்ச்சலுக்கு, பேறுக்கு, எதற்கும் அந்த மண்தான். வீட்டில் வைத்திருந்தாலே காவல். என் ஒன்றுவிட்ட தங்கை துஷாந்தினி ஆவணித் திருவிழாவுக்குப் போனவள், இவருக்கென்று ஒரு பிடி சிவந்த மண் கொண்டு வந்து தந்தாள். அதை ஒரு வெள்ளைக் கைலேஞ்சியில் முடிந்து இவருடைய தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். பின்னேரச் செபமாலை முடிந்ததும் முடிச்சை எடுத்து அவருடைய நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுத் திரும்ப வைப்பேன்.

செடி கட்டிய அன்றைக்கும் அப்படிச் செய்தேன். இவர் உறங்கிவிட்டார் என்று நினைத்தேன். தொட்டிக்கு முன்னால் முழங்காலில் நின்று வாய்விட்டே கேட்டேன். "மடு மாதாவே, இந்தச் செடி பிழைச்சால் இவரும் பிழைக்கவேணும். வேற ஒண்டும் கேக்க மாட்டன்." டொக்டர் கையை விரித்துவிட்டார். மனிதரிடம் கேட்டு முடிந்தது. இனி ஒரு புல்லிலாவது பிடித்துத் தொங்க வேண்டும்போல் இருந்தது.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு புது இலை சுருண்டுகொண்டு வந்தது. இளம்பச்சை. அதே கிழமையில் இவர் இரண்டு இடியப்பம் சாப்பிட்டார், பகிடி விட்டார், ஜொய்சியின் மகளோடு அரைகுறைப் பிரெஞ்சில் சண்டை பிடித்தார். நான் வேலையிடத்தில் பெட்டி அடைக்கும்போது பாட்டு முணுமுணுத்தேனாம். பக்கத்தில் நிற்கிறவள் சொன்னாள். உண்மையாகவே நம்பிவிட்டேன்.

மார்கழியில் நத்தாருக்குக் கிட்ட ஒரு பழைய இலை நுனியில் மண்ணிறமானது. ஒரே ஒரு இலைதான். ஆனால் எனக்கு உயிரே போய்விட்டது. குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்தச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தேன். வீடு என்ன கர்க்லாண்ட் வீடா? குசினியில் பெருமூச்சு விட்டால் ஹோலில் கேட்கும்.

நான் வேலைக்குப் போகிற நேரத்தில் இவரோடு வந்து இருக்கிறவர் யோசெப். எங்கள் கோயில் பங்குக்காரர், துறைமுகத்தில் இவரோடு லொறி ஓட்டியவர், இவரைவிட வயதில் குறைந்தவர். அடுத்த நாள் நான் வீட்டுக்கு வந்தபோது தொட்டித் தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் கலங்கியிருந்தது. யோசெப்பின் சேட்டுக் கை முழங்கைக்கு மேலும் நனைந்திருந்தது.

"என்ன நடந்தது?"

"ஃபில்டர் கலக்கிப்போட்டுது போல, அக்கா. நான் கொஞ்சம் தட்டிப் பாத்தனான்."

"தெரியாத வேலைக்கு ஏன் போறியள்?" என்று ஏசினேன். யோசெப் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இவர் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். வாளியால் பாதித் தண்ணீரை அள்ளி ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டேன். இரண்டு மூன்று நாளில் தெளிந்தது. மரக்கட்டை மணலுக்குள் கொஞ்சம் தாழ்ந்திருந்ததுபோல் இருந்தது. பாரத்துக்குத் தாழ்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மீன்கள் இருந்தன, செடி நின்றது, எனக்கு அது போதும்.

அதன்பிறகு நான் முடிச்சை எடுத்து நெற்றியில் வைக்கும்போதெல்லாம் இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். உதடு கொஞ்சம் துடிக்கும். பக்தி என்று நினைத்தேன்.

தை மாதக் குளிர் இறுகியபோது செடி கீழிருந்து வாடத் தொடங்கியது. இலைகள் அடியில் கறுத்தன. விரலால் தொட்டால் கழன்று வந்தன. பச்சைத்தலைப் பிள்ளை சொன்னதெல்லாம் மறந்துபோனது. இவர் கண் விழிப்பதற்கு முன் வாடிய இலைகளைப் பிய்த்து எறிவதுதான் என்னுடைய முதல் வேலையானது. விழித்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வியும் அதைப் பற்றித்தான்.

"செடி எப்பிடி?"

"நல்லா இருக்கு."

"ஓம், நல்லாத்தான் இருக்கு" என்பார். அந்த நேரம் அவருக்குக் கண் எவ்வளவு தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் பொய் சொல்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

கடைக்கு ஓடினேன். அந்தப் பிள்ளை கேட்ட முதல் கேள்வி, புதைத்தீர்களா என்பது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீ சொன்னபடிதான் கட்டினேன், நான் என்ன காது கேளாதவளா என்று கத்தினேன். பாதி தமிழில் கத்தினேன். அவள் இன்னொரு செடியை எடுத்துப் பையில் போட்டு, வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினாள். நான் வாங்கவில்லை. எனக்கு வேண்டியது அந்தச் செடிதான். மாதாவிடம் கேட்டது அந்தச் செடியை வைத்துத்தான். இடையில் ஆளை மாற்றினால் அது கள்ள விளையாட்டு.

தவசுகாலத்தில் ஒரு முற்பகல் இவர் போய்விட்டார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஜொய்சி மற்றக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தொட்டியின் பின்பக்கத்தில் அப்போது நாலைந்து இலைதான் மிஞ்சியிருந்தது. அவற்றுக்கு இடையால் கட்டில் திரும்பவும் தெரிந்தது.

இந்த ஊரில் மாரியில் செத்தால் மண்கூட உடனே கிடைக்காது. நிலம் கல்லாக உறைந்திருக்கும். பூசை வைத்து, கும்பிட்டு எல்லாம் முடிந்தபிறகும் சேமக்காலைக்காரர்கள் பெட்டியை ஒரு கட்டடத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, நிலம் இளகியதும் அறிவிக்கிறோம் என்றார்கள். மடு மண்ணை அவரோடு குழிக்குள் போட வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். குழி இல்லாததால் முடிச்சை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வந்து என்னுடைய தலையணைக்குக் கீழே வைத்தேன்.

ஆனால் செபமாலையைத் தொடவில்லை. மாதாவோடு எனக்குப் பேச்சில்லை. கோபம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். நான் கேட்டேன், அவ மறுமொழி சொல்லிவிட்டா, அவ்வளவுதான். செடி பிழைத்தால் இவர் பிழைப்பார் என்று பேசியது நான். செடியைக் காப்பாற்ற முடியாமல் விட்டதும் நான். வேறு யாராவது வைத்திருந்தால் பிழைத்திருக்கும். தண்ணீர் மாற்றியது கூடிவிட்டதா, நூலை இறுக்கிக் கட்டிவிட்டேனா, துவாயைக் கொஞ்சம் விலக்கியிருக்கலாமா என்று படுத்தால் இதுதான் ஓடியது. என் கை பட்டதால்தான் அவர் செத்துப்போனார் என்று நினைத்தேன். இதை ஜொய்சியிடம் சொல்ல முடியாது. சொன்னால் மனநல டொக்டரிடம் நேரம் எடுத்துவிடுவாள்.

வைகாசி தொடங்க அறிவித்தல் வந்தது. சேமக்காலையில் புல்லு அப்போதுதான் பச்சை பிடித்திருந்தது. சுவாமியார் செபித்தார். பெட்டியை இறக்கினார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து ஒரு பிடி மண் எடுத்துப் போட்டார்கள். என் முறை வந்தபோது நான் கைப்பையைத் திறந்து கைலேஞ்சி முடிச்சை எடுத்தேன். மடு மண் என்று பின்னால் யாரோ மெல்லச் சொல்வது கேட்டது. சிலர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

முடிச்சை அவிழ்த்தேன்.

உள்ளே இருந்தது வெள்ளை மணல். பருக்கை பருக்கையாக, கழுவித் துடைத்ததுபோல். அதற்கு நடுவில் மிளகளவில் ஒரு வெறும் நத்தைக் கூடு. அந்த மணலை எனக்குத் தெரியாதா? எத்தனை வருடம் அதிலிருந்து பாசி கழுவியிருக்கிறேன்.

கையை நீட்டியபடி அப்படியே நின்றேன். ஜொய்சி, "அம்மா, போடுங்கோ" என்று தோளில் தொட்டாள். அந்த நேரம்தான் யோசெப் விக்கி விக்கி அழத் தொடங்கினார். நெடிய ஆம்பிளை, அவ்வளவு பேருக்கு முன்னால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"நான் வேண்டாம் எண்டுதான் சொன்னனான், அக்கா. அண்ணை கேக்கேல்லை."

"மண் எங்க?"

"செடியின்ரை வேரடியில."

யோசெப் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சொன்னார். "நீங்கள் மாதாவிட்டக் கேட்டதை அண்ணை கேட்டுக்கொண்டுதான் கிடந்தவராம். 'கிறேஸ் உந்தச் செடியில என்ரை உயிரைக் கொண்டுபோய்க் கட்டிப்போட்டாள், யோசெப்பு. நான் போறது போறதுதான். செடியும் போனால் தன்னாலதான் நான் போனனான் எண்டு அழுவாள். செடி நிண்டு நான் போனால், ரண்டுக்கும் தொடுப்பில்லை எண்டு அவளுக்கு விளங்கும். அதால இதைப் பிழைக்க வைக்கவேணும்' எண்டவர். மடு மண்ணைப் போட்டு வேரை நல்லா மூடச் சொன்னவர். முடிச்சு வெறுமையாக் கிடந்தால் நீங்கள் கண்டுபிடிச்சுப்போடுவியள் எண்டு தொட்டி மணலை அள்ளிக் கட்டித் தலையணைக்குக் கீழ வைக்கச் சொன்னவர்."

அவருடைய உதடு துடித்தது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு பின்னேரமும் நான் மீன்தொட்டி மணலால் அவருக்குச் சிலுவை போட்டிருக்கிறேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறார்.

"மூடக்கூடாது எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனானே" என்றேன். குழியைப் பார்த்துத்தான் சொன்னேன். "வேரை மூடினால் அழுகிப்போகும் எண்டு சொன்னனானே. நான் சொன்னதை ஒருநாளாவது கேட்டிருக்கிறியளே?" சுவாமியார் என்னைப் பார்த்தார். ஜொய்சி என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் செத்தபோது வராத அழுகை எனக்கு அங்கேதான் வந்தது. வாய்விட்டு, மூக்கு வடிய, நிற்க முடியாமல் அழுதேன்.

பிறகு கையைக் கவிழ்த்தேன். வெள்ளை மணல் பெட்டிமேல் விழுந்து சிதறியது. நத்தைக் கூடும் போனது.

வீட்டுக்கு வந்ததும் உடுப்பு மாற்றவில்லை. கறுப்புச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டேன். கட்டையைச் சுற்றிய மணலைக் கிளறியபோது அடியிலிருந்து சிவந்த மண் புகைபோல் எழும்பியது. மடு மண். அதற்குள் செடியின் தண்டு கறுத்து, வெந்த கீரைபோல் ஆகியிருந்தது. நான் கட்டிய நூல் மட்டும் அப்படியே இருந்தது. என்னுடைய முடிச்சில் ஒரு பிழையும் இல்லை. செடியைக் கொன்றது என் கையும் இல்லை, மாதாவும் இல்லை. என்மேல் இருந்த அன்பில் அவர்தான் கொன்றார். இதைத் தெரிந்துகொண்டதால் நெஞ்சு லேசாகியது என்று சொன்னால் பொய். முன்பு என்மேல் கோபமாக இருந்தது. இப்போது கோபிக்க ஒருவரும் இல்லாமல் போய்விட்டது.

ஒரே ஒரு இலை மிஞ்சியிருந்தது. பாதி மண்ணிறம். பிய்த்து எறியப் போனவள் இலையின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். நகத்தளவில் மூன்று குட்டிச்செடிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் மயிர்போல் வேர். நான் விடிய விடியப் பிய்த்துக் குப்பையில் போட்ட இலைகளில் எத்தனை இருந்திருக்குமோ தெரியாது.

கட்டையைக் கழுவினேன். குட்டிச்செடிகளை இலையோடு சேர்த்து மேலே வைத்துக் கறுப்பு நூலால் கட்டினேன். மடு மண்ணை அள்ளி எறிய மனம் வரவில்லை, தொட்டியின் ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டேன். இந்த முறை யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

கட்டிலை எப்போதோ திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இடத்தில் ஒரு கதிரை போட்டிருக்கிறேன். அதில் இருந்தால் பின்கண்ணாடியில் நான் தெரிகிறேன், எனக்குப் பக்கத்தில் வெறும் இடமும் தெரிகிறது. ஜொய்சி வந்து, இனி விளக்கைக் கூட்டிவிடலாம், பழைய சிவப்புச் செடிகளை வாங்கி நடலாம் என்றாள். அவள் சொல்வது சரிதான். இனி அந்த வெளிச்சம் ஒருவருடைய கண்ணிலும் குத்தாது.

நான் துவாயை எடுக்கவில்லை. தொட்டி மூடியைப் போட்டுவிட்டு, கட்டில் இருந்த பக்கம் திரும்பி, "இந்த முறையாவது வேரை மூடாதேங்கோ" என்றேன்.